இரண்டு பாட்டுக்கு நடுவில் கேமராவை நிறுத்தாதீர்கள்

போன இதழில் நியூயார்க்கின் பவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. என்ற சின்ன இசை விடுதியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1970களில் பங்க் என்ற, வேகமும் இரைச்சலுமான ராக் இசை அங்கே தவழ்ந்துகொண்டிருந்தபோது யார் யார் கேமராவோடு நின்றார்கள் என்பதுதான் விஷயம். ‘பழைய கேசட் ஓடும்போது கோடு விழுகிறது, என்ன செய்ய?’ என்று வழக்கமாக வரும் கடிதங்களை இந்த முறை அது ஓரங்கட்டிவிட்டது. மகிழ்ச்சி. நான் இசை விமர்சகன் இல்லை. பழைய நாடாக்களைத் துடைத்து, ஓட்டி, கணினிக்கு மாற்றித் தருகிறவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறேன்.

‘தி பிளாங்க் ஜெனரேஷன்’ படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். உதடு ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. எனக்குக் கிடைத்த பிரதியில் கோளாறா?
– சினிமா பைத்தியம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வாசகர்

பிரதியில் ஒரு கோளாறும் இல்லை. படமே அப்படித்தான். ஏமஸ் போ, ஐவன் க்ரால் என்ற இருவர் எடுத்து 1976-இல் வந்த படம் அது. க்ரால் பிராக் நகரத்தில் பிறந்தவர், பேட்டி ஸ்மித் என்ற பாடகியின் குழுவில் கிட்டார் வாசித்தவர். அதாவது, வேடிக்கை பார்க்க வந்த வெளியாள் இல்லை. ஒரு நாள் மேடையில் இருப்பார், இன்னொரு நாள் கூட்டத்துக்குள் கேமராவோடு நிற்பார். அவர்கள் எடுத்தது 16 மி.மீ. கருப்பு வெள்ளை ஊமைப் படம். பாட்டுகளை வேறு எங்கோ, வேறு என்றைக்கோ பதிவான நாடாக்களிலிருந்து எடுத்து மேலே ஒட்டினார்கள். அப்புறம் உதடு எப்படி ஒட்டும்?

‘கூடவே ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டிருக்கலாமே’ என்று கேட்பீர்கள். ஓடவிடலாம். ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாது. எளிய கேமராவின் மோட்டார் கடிகாரம் மாதிரி ஓடாது. நொடிக்கு 24 படம் எடுக்க வேண்டிய கேமரா 23 எடுத்தது என்று வையுங்கள். இரண்டு நிமிடப் பாட்டு முடியும்போது படம் 5 நொடி முன்னே போய் நிற்கும். பாடகர் வாயை மூடிவிட்டார், பாட்டு இன்னும் முடியவில்லை. இதைத் தவிர்க்க, படிக அதிர்வால் வேகத்தைக் கட்டிவைக்கும் மோட்டார் கொண்ட கேமராவும், அதற்கு ஈடுகொடுக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும். அவற்றின் வாடகை, அந்த மேடையில் ஏறிய பையன்களின் மாத வாடகையைவிட அதிகமாக இருந்திருக்கும். கேமரா கடகடவென்று சத்தம் போடுமே என்ற கவலை மட்டும் அங்கே யாருக்கும் இருந்திருக்காது.

சுருள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 16 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 படம். 100 அடிச் சுருள் என்றால் 4000 படம், அதாவது 2 நிமிடம் 46 நொடி. ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே ஒரு சுருளுக்கு ஒரு ரமோன்ஸ் பாட்டு, தாராளமாக. அதே மேடையில் டெலிவிஷன் என்ற குழு 10 நிமிடம் நீளும் பாட்டை எடுத்தால் நான்கு சுருள் வேண்டும். சுருள் மாற்றும் நேரத்தில் கிட்டாரின் நல்ல இடமெல்லாம் போய்விடும். யாரைப் படம் பிடிப்பது சுலபம் என்பதைப் பாட்டின் நீளமும் கொஞ்சம் தீர்மானித்தது என்பது என் சந்தேகம்.

உதடு ஒட்டாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஒலி சரியாக இருந்திருந்தால் பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்போம். ஒட்டாததால் முகங்களைப் பார்க்கிறோம். பிளாண்டி குழுவின் பாடகி டெபி ஹாரியை, டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ஆட்களை, உலகம் கண்டுகொள்வதற்கு முந்தைய முகங்களோடு பார்க்க முடிகிறது.

பங்க் என்றதும் எனக்கு பெட்ரோல் பங்க்தான் ஞாபகம் வருகிறது. தமிழில் ஒரு சொல் கண்டுபிடித்துத் தரக்கூடாதா?
– ஒரு தமிழாசிரியை

தரக்கூடாது, அம்மா. ஆங்கிலத்திலேயே அது ரவுடிப் பையனை வையும் சொல். ஜான் ஹோம்ஸ்ட்ராமும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். முதல் இதழ் 1976 தொடக்கத்தில் வந்தது. அந்தப் பெயர் இந்த இசைக்கு ஒட்டிக்கொண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. (பார்த்தீர்களா, நமக்கே உரிய ‘பங்கு’ம் வந்துவிட்டது.) விடுதியின் பெயர் இதைவிட வேடிக்கை. சி.பி.ஜி.பி. என்பது கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற மூன்று இசைவகைகளின் சுருக்கம். 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் அந்த இசைக்காகத்தான் கடையைத் திறந்தார். வந்து சேர்ந்தது வேறு கூட்டம்.

கேமரா தூக்கியவர்களில் பெண்களே இல்லையா? உங்கள் கட்டுரையில் ஆண்களின் பெயர்களே இருந்தன.
– ஒரு வாசகி

திட்டு சரியானது. இடம் போதவில்லை என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் வரிசையில் முதலில் வைத்திருக்க வேண்டியவர்களே அவர்கள்தான்.

பேட் ஐவர்ஸ் என்பவர் மன்ஹாட்டனில் ஒரு கேபிள் டிவி நிறுவனத்தில், பொதுமக்களுக்கான அலைவரிசைப் பிரிவில் வேலை பார்த்தார். அந்த அலைவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்தில் கம்பி இழுக்க உரிமம் வேண்டுமானால் சில அலைவரிசைகளைப் பொதுமக்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது மன்ஹாட்டனில் நிபந்தனை. 1971-இல் அது நடைமுறைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு நாடாவைக் கொண்டுவந்து ஒளிபரப்பச் சொல்லலாம். இது இல்லாவிட்டால் அந்த ஊரின் பங்க் வீடியோவில் பெரும்பகுதி பிறந்தே இருக்காது என்பேன். படம் எடுக்கக் கருவி இருந்தால் மட்டும் போதுமா? காட்ட ஓர் இடம் வேண்டாமா?

1975-இல் ஐவர்ஸ் இன்னும் சிலரோடு மெட்ரோபோலிஸ் வீடியோ என்ற பெயரில் சி.பி.ஜி.பி.யில் படம் பிடிக்கத் தொடங்கினார். அந்தக் கோடையில் கிறிஸ்டல், இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைக்காத குழுக்களையெல்லாம் கூட்டி ஒரு விழாவே நடத்தினார். பிறகு 1977 முதல் ஐவர்ஸும் எமிலி ஆம்ஸ்ட்ராங்கும் ஜோடி சேர்ந்து விடுதி விடுதியாகப் போனார்கள். ‘நைட்கிளப்பிங்’ என்று கேபிளில் ஒரு நிகழ்ச்சியாகவே அதைக் காட்டினார்கள். 1980-இல் டான்ஸ்டீரியா விடுதி திறந்தபோது அதில் வீடியோ பார்ப்பதற்கென்றே ஓர் அறையை உருவாக்கியதும் இவர்கள்தான். இன்று எல்லா பாரிலும் சுவரில் டிவி தொங்குகிறது. அன்றைக்கு அது புதுமை. அவர்களுடைய நாடாக்கள் இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. குளிர்ந்த அறை, அட்டவணை, எல்லாம் ஒழுங்கு. நான் கையாளும் நாடாக்களில் பாதி கட்டிலுக்கு அடியிலிருந்து வருபவை, அதனால் இந்தப் பொறாமை.

இன்னொருவர் ராபர்ட்டா பேலி. இவர் எடுத்தது வீடியோ இல்லை, புகைப்படம். சி.பி.ஜி.பி.யின் வாசலில் உட்கார்ந்து நுழைவுக் காசு வாங்குவதுதான் அவர் வேலை. ரமோன்ஸ் முதல் இசைத்தட்டின் அட்டையில், செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கும் நான்கு பேரை எடுத்தவர் அவரே.

அந்தக் கால வீடியோக்களில் பாடகர் திரும்பினால் பின்னாடியே ஒரு வெள்ளை வால் போகிறதே, அது வேண்டுமென்றே செய்த தந்திரமா?
– டிரம்ஸ் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவர்

தந்திரமும் இல்லை, மந்திரமும் இல்லை, தம்பி. அது குழாயின் சோம்பல். அந்தக் கேமராக்களுக்குள் இன்றுள்ள சில்லு கிடையாது, விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் பழைய படத்தை அது உடனே மறக்காது. வெள்ளைச் சட்டைக்காரர் நகர்ந்தால் பழைய இடத்தில் அவருடைய ஆவி கொஞ்ச நேரம் நிற்கும். மேடை விளக்கை நேராகப் பார்த்துவிட்டால் இன்னும் மோசம், குழாயில் சூடு போட்ட மாதிரித் தழும்பு விழும். ஒரு நாடாவில் மூன்று குழுக்கள் மாறி மாறி வாசித்தன. மூன்று பேர் நெற்றியிலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. முதல் குழுவின்போது யாரோ கேமராவை விளக்குக்குக் காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஃபிலிமுக்கும் இருட்டுதான் எதிரி. அன்று கிடைத்த வேகமான கருப்பு வெள்ளைச் சுருள்களே, வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனைச் சொல்லும் ஏ.எஸ்.ஏ. கணக்கில், 400, 500 தான். உங்கள் போன் அசராமல் அதைப் போலப் பல மடங்கு போகும். அதனால் சுருளைக் கழுவும்போது கூடுதல் நேரம் ஊறவைத்து வெளிச்சத்தைப் பிழிந்தெடுப்பார்கள். அந்த மணல் மணலான தோற்றம் வருவது அப்படித்தான். இன்று அதையே காசு கொடுத்து வாங்கிய செயலியில் பொத்தான் தட்டி வரவழைக்கிறார்கள்.

சோனியின் போர்ட்டாபேக் என்ற, தோளில் மாட்டும் வீடியோ கருவியைக் கையாண்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கேமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 10 கிலோவுக்கு மேல். பெயருக்குத்தான் கையடக்கம். ஆனால் ஒரு நாடா அரை மணி நேரம் ஓடும். ஃபிலிமின் மூன்று நிமிடத்தோடு ஒப்பிட்டால் அது கோடீஸ்வரனின் கை. இந்த வித்தியாசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபிலிம் வைத்திருந்தவர் பாட்டு முடிந்ததும் விரலை எடுத்துவிடுவார், சுருள் மிச்சம். நாடா வைத்திருந்தவர் சும்மா ஓடவிடுவார். அதனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் நடந்ததெல்லாம் நாடாவில்தான் மாட்டியிருக்கிறது. 1974-இல் ரமோன்ஸை எடுத்த ஒரு கருப்பு வெள்ளை வீடியோ இருக்கிறது. அடுத்து எந்தப் பாட்டு என்று மேடையிலேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ என்று மூச்சுவிடாமல் அடுத்த பாட்டுக்குப் பாய்ந்த அதே ஆட்கள். ஒழுங்கு என்பது அவர்களுக்குப் பிறவியில் வந்ததில்லை என்று அந்தச் சண்டையைப் பார்த்தால் தெரிகிறது. பாட்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அது எங்கே தெரிந்திருக்கும்?

இவ்வளவு நாடா இருந்தும் ஏன் எல்லாம் வெளிவரவில்லை?
– அதே மாணவர்

படம் எடுத்தவருக்குப் படத்தின் உரிமை. பாட்டு எழுதியவருக்குப் பாட்டின் உரிமை. வாசித்தவர்களுக்கு அவர்கள் வாசித்ததன் உரிமை. அன்று ஒருவரும் காகிதத்தில் கையெழுத்து வாங்கவில்லை. குழு உடைந்து, ஆள் இறந்து, உரிமை மூன்று கை மாறிய பிறகு யாரைக் கேட்பது?

மற்ற ஊர்களில் யாரும் எடுக்கவில்லையா?
– ஒரு நூலகர்

எடுத்தார்கள். லண்டனில் ராக்ஸி என்ற விடுதியில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்த டான் லெட்ஸ் 1977-இல் சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவில் எடுத்தார். பங்க் இசைத்தட்டு அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், குழுக்களுக்கு நடுவில் அவர் ரெகே என்ற ஜமைக்கா இசையைப் போட்டுச் சமாளித்தது தனிக் கதை. சூப்பர் 8 பெட்டி ஒன்று 50 அடி. நொடிக்கு 18 படம் என்றால் 3 நிமிடம் 20 நொடி, 24 என்றால் இரண்டரை நிமிடம். சான் பிரான்சிஸ்கோவில் ஜோ ரீஸின் டார்கெட் வீடியோ என்ற படப்பிடிப்புக் குழு. 1978 ஜூன் 13 அன்று நாப்பா மனநல மருத்துவமனையில், அங்கிருந்த நோயாளிகளுக்காக கிராம்ப்ஸ் குழு வாசித்ததைக் கருப்பு வெள்ளை வீடியோவில் எடுத்தது அவர்கள்தான். அதில் கூட்டம் மேடைக்கே வந்து பாடகரோடு சேர்ந்து ஆடுகிறது. எது மேடை, எது கூட்டம் என்றே கொஞ்ச நேரம் புரியாது. நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நண்பர்களின் குழு சின்னச் சின்ன இடங்களில் வாசிக்கிறது. நான் போனில் எடுக்கிறேன். படம் பரவாயில்லை, ஒலி கரகரவென்று சகிக்கவில்லை. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

முதலில் காதுக்கு அடைப்பான் வாங்குங்கள். சிரிக்காதீர்கள், இந்தத் தொழிலில் எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

அப்புறம், போனின் மைக்கை நம்பாதீர்கள். சட்டைப்பையில் அடங்கும் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும். தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, குழுவினர் ஒலி சரிபார்க்கும்போது மிகச் சத்தமான இடத்திலும் முள் சிவப்பைத் தொடாதபடி அளவைக் கீழே வையுங்கள். தொடக்கத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள், பின்னால் படத்தையும் ஒலியையும் சேர்க்க அது போதும். க்ராலுக்குக் கிடைக்காத வசதி, ஒரு கைதட்டலில் உங்களுக்குக் கிடைக்கிறது.

மிக்ஸரிலிருந்து, அதாவது மேடை ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பெட்டியிலிருந்து, நேராக ஒரு கம்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பினால் கெட்டீர்கள். சின்னக் கூடத்தில் கிட்டாரின் சத்தம் அதன் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே காதுக்கு வந்துவிடும், டிரம்ஸுக்கும் மைக் அவ்வளவாகத் தேவைப்படாது. மிக்ஸருக்குள் போவது பெரும்பாலும் பாடுகிறவரின் குரல்தான். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு ஆள் குளியலறையில் தனியாகக் கத்துகிற மாதிரி இருக்கும். அறையின் ஒலி ஒன்று, மிக்ஸர் ஒலி ஒன்று, இரண்டையும் கலக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை மேடைக்கு முன்னால் வைக்காமல், மிக்ஸர்காரர் நிற்கும் இடத்தில் வையுங்கள். அந்த இடத்தில் நன்றாகக் கேட்கும்படிதான் அவர் எல்லாவற்றையும் திருகியிருப்பார்.

எங்கே நிற்பது? 2012-இல் ஒரு வேலையாக நியூயார்க் போனபோது பவரி தெரு 315-ஆம் எண்ணைப் போய்ப் பார்த்தேன். விடுதி 2006 அக்டோபரிலேயே மூடியாயிற்று, நான் போனபோது அது துணிக்கடை. பழைய சுவரொட்டிகள் ஒட்டிய சுவரில் ஒரு பகுதியை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கால்சட்டை விலை பார்ப்பதுபோல நடித்துக்கொண்டே கூடத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்தேன். ரயில் பெட்டி மாதிரி நீளம், குறுகல். ஓரமாய் ஒதுங்கி நிற்க வழியில்லை. கேமராவோடு வந்தவர் கூட்டத்தின் தோள்களுக்கு நடுவில்தான் நின்றிருக்க வேண்டும். அந்தப் படங்களில் சட்டகம் ஆடுவது ஏன் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது, ஆட்டியது பக்கத்தில் இருந்தவரின் முழங்கை. நீங்களும் அங்கேயே நில்லுங்கள். ஒரு பாட்டு முழுக்க ஒரே ஆளைப் பாருங்கள். ஒரு பாட்டுக்காவது மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை எடுங்கள். அந்தக் காலத்து நாடாக்களில் எனக்கு இருக்கும் பெரிய ஏக்கம் அது. மேடை இருக்கிறது, கேட்டவர்களின் முகம் இல்லை.

பாட்டு முடிந்ததும் நிறுத்தாதீர்கள். தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

என் மாமா 80களில் ஒரு ராக் குழுவில் இருந்தார். அவர் விட்டுப்போன பெட்டியில் அரை அங்குல வீடியோ நாடாச் சுருள்கள் ஆறு இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கக் கருவி வாங்கலாமா?
– ஒரு வாசகி

வாங்காதீர்கள். ஓட்டவும் செய்யாதீர்கள், அம்மா. பழைய நாடாவில் காந்தத் தூளைப் பிடித்துவைத்திருக்கும் பசை பல வருடம் ஈரக்காற்றைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகியிருக்கும். ஓட்டினால் தூள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். உரிந்தது படம். திரும்ப வராது. இதற்கு வைத்தியம் வேடிக்கையாக இருக்கும்: குறைந்த சூட்டில், 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை, பல மணி நேரம் நாடாவை அடுப்பில் வைப்போம். ஈரம் வெளியேறி, சில வாரங்களுக்கு அது பழைய மாதிரி ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வீட்டு அடுப்பில் முயற்சி செய்யாதீர்கள், அதன் முள் பொய் சொல்லும். எல்லா நாடாவுக்கும் இந்த வைத்தியம் ஒத்துவராது என்பதால், என்ன நாடா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை சுருள்களைப் படுக்கவைக்காமல் புத்தகம் மாதிரி நிற்கவைத்து, வறண்ட அலமாரியில் வையுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு ஒரு சுருளைச் சூடாக்காமலே ஓட்டினேன். யாரோ ஒரு குழு, பெயர் தெரியாது. உறையில் ‘2’ என்று மட்டும் பென்சிலில் இருந்தது. 40 நொடி போனதும் கிரீச்சென்று கத்தி நின்றது. கருவியின் தலையில் பழுப்புச் சேறு. அந்த 40 நொடி போனது போனதுதான். மிச்சத்தைச் சூடாக்கி எடுத்தேன். அந்தக் கருவியில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பு இருந்ததால், பாட்டு முழுக்க எல்லாம் நசுங்கிய இரைச்சல், ஒரு சொல்கூடப் புரியவில்லை. பாட்டு நின்றதும் அளவு மெதுவாக மேலே ஏறியது. கண்ணாடிப் புட்டி உருளும் சத்தம். யாரோ இருமினார்கள். ‘கம்பி அறுந்துபோச்சு, யாரிடமாவது இருக்கா?’ என்று மேடையிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. கேமராவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, எடுத்துக்கொண்டிருந்தவரேதான் என்று நினைக்கிறேன், ‘என்னிடம் இருக்கு, இரு’ என்று ஒரு பெண் குரல். படம் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. நிறைய செருப்புகளும் ஒரு தரைவிரிப்பும் தெரிந்தன. மூன்று நிமிடம் அப்படியே ஓடியது.